கேட் ஓரத்து ஐரிஸ்களும் நான் திரும்பப் பெற்ற அறிக்கையும்

1

மலேசியாவில் ஜொகூருக்கு வந்து மூன்று வருடம் முடிந்த வாரத்தில், என் கையெழுத்தோடு வெளியே போன முதல் அறிக்கையை நானே திரும்பப் பெற்றுக்கொண்டேன். இதை வெட்கத்தோடு எழுதுவேன் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். இங்கே நான் செய்த காரியங்களில் ஊருக்குச் சொல்லத் தகுந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

செனாய்க்குப் பக்கத்தில் ஓர் அலங்காரச் செடி நர்சரியில் எனக்கு வேலை. செடி நலப் பொறுப்பாளர் என்று அட்டையில் இருக்கும். நாங்கள் செடி கொடுத்த தொழிற்சாலைகள், அடுக்குமாடிகள், பள்ளிக்கூடங்களில் ஏதாவது இலை வாடினால், பழுத்தால், புள்ளி விழுந்தால் என்னை அனுப்புவார்கள். வந்த புதிதில் ஒரு கேட்டில் காவலாளி யார் என்று கேட்டபோது, தெரிந்த நாலு மலாய் வார்த்தைகளை ஒட்டவைத்து "இலை டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். மலாயில் இலைக்கு டாவுன். அன்றிலிருந்து செனாய் தொழிற்பேட்டையில் பாதிக் கேட்டுகளில் நான் "டாக்டர் டாவுன்". இதை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "இலைக்குக் காய்ச்சல் பாக்கியா? ஊசியும் போடுவியாட்டி?" என்று கேட்டாள். சில சமயம் போடுவோம் என்றேன். அவள் நம்பவில்லை.

எங்கள் முதலாளியை எல்லோரும் தௌக்கே என்பார்கள். அதுவரை நான் எழுதிய அறிக்கைகளில் அவர்தான் கையெழுத்துப் போட்டார். தொழிற்சாலை கேட் ஓரத்து ஐரிஸ்களுக்கு இலை காய்கிறது என்று அழைப்பு வந்தபோது, "இந்தத் தடவை உன் பெயரே கீழே இருக்கட்டும்" என்றார். அந்த அறிக்கைதான் தப்பாகப் போனது.

2

ஐரிஸ் என்றதும் குளிர்நாட்டுப் படங்களில் பார்க்கிற நீலப் பூவை நினைக்க வேண்டாம். அது இந்தச் சூட்டில் நிற்காது. இங்கே நடுவது நடக்கும் ஐரிஸ். வாள் மாதிரி இலைகள் விசிறியாக விரிந்து நிற்கும். காலையில் மஞ்சளாகப் பூத்து சாயங்காலத்துக்குள் சுருண்டுவிடும். பூத்த தண்டின் நுனியில் ஒரு குட்டிச் செடி முளைக்கும். அந்தப் பாரத்தில் தண்டு வளைந்து மண்ணைத் தொட்டு, தொட்ட இடத்தில் வேர் பிடிக்கும். இப்படி எட்டு எட்டாக நகர்வதால் அந்தப் பெயர். ஊர்விட்டு வந்தவள் என்பதால் இதை வைத்து நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அது ஒரு செடி.

ஐரிஸ் இலையில் கோளாறு என்றால் பார்க்க ஓர் ஒழுங்கு இருக்கிறது. விரலால் தேய்த்தால் ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் துரு நோய். விசிறியை மெல்ல இழுத்ததும் கையோடு வந்து, அடியில் கொழகொழவென்று நாற்றமடித்தால் கிழங்கழுகல். சிறு பழுப்புப் புள்ளிகள், நடுவே சாம்பல் நிறம், சுற்றிலும் மஞ்சள் வளையம் என்றால் பூஞ்சை இலைப்புள்ளி. நுனியிலிருந்து வைக்கோல் நிறத்தில் காய்ந்துகொண்டே இறங்கி, காய்ந்ததற்கும் பச்சைக்கும் நடுவில் கத்தியால் கீறியதுபோல் கோடு இருந்தால், அது நோயாக இல்லாமலும் இருக்கலாம். தண்ணீரையும் மண்ணையும் பார்க்க வேண்டும்.

நான் இவ்வளவையும் அறிந்தவள். தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள். அப்படியும் அன்று பார்த்தது இதுதான்: இலை நுனிகள் காய்ந்திருந்தன, காய்ந்த இடத்தில் கரும்புள்ளிகள் இருந்தன. வெட்டி எடுத்துக்கொண்டு போய் நுண்ணோக்கியில் வைத்தேன். பூஞ்சை வித்துகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. கல்லூரியில் முதல்முறை அந்தக் குழாய்க்குள் பார்த்த நாளில் வந்த அதே சந்தோஷம் வந்தது. தெரிந்ததைக் கண்ட சந்தோஷம். அது ஆபத்தானது என்று அப்போது எனக்குத் தெரியாது.

கேட்டில் ஒரு துப்புரவு அக்கா ஹோஸ் பிடித்துச் செடிகளின் தலைமேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்ததையும் படம் எடுத்திருந்தேன். இலை நனைந்தால் பூஞ்சை பரவும். அதையும் சேர்த்து எழுதினேன். பூஞ்சை இலைப்புள்ளி. காரணம்: மேலிருந்து தண்ணீர் ஊற்றும் தவறான பழக்கம். தீர்வு: அதை உடனே நிறுத்தவும், காய்ந்த இலைகளை வெட்டவும், பூஞ்சைக்கொல்லி மூன்று முறை அடிக்கவும். கீழே என் பெயர்.

3

அந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கிறவர்கள். அம்மா உப்புப் பெட்டி சுமப்பாள். அப்பா உப்பு வாருவார். பாத்தித் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி என்று மிதவைக் கருவியை விட்டுப் பார்ப்பதற்கு முன்பே, அப்பா குனிந்து பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார். கணக்கர் கருவியை விட்டால் பெரும்பாலும் அதேதான் காட்டும். அந்த எண்ணை எழுத மட்டும் அவருக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அப்பா பக்கத்திலும் சரி, அம்மா பக்கத்திலும் சரி.

இங்கே இந்தியப் பெண்களின் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/பி என்று போடுவார்கள். இன்னாருடைய மகள் என்று அர்த்தம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. அதனால் வேலைப் பாஸ் எடுக்கிற அலுவலகத்தில் ஒவ்வொரு வருடமும் ஒரே நாடகம். முதல் வருடம் கவுன்டரில் இருந்த அதிகாரி குடும்பப் பெயர் எது என்று மூன்று முறை கேட்டார். இல்லை என்றேன். எல்லோருக்கும் இருக்குமே என்றார். எங்களுக்கு அப்பா பெயர்தான் உண்டு என்றேன். ஒரு படிவத்தை நீட்டி, அதை நிரப்பு என்றார். நிரப்பினேன். அது தவறான படிவம் என்று அடுத்த கவுன்டரில் சொன்னார்கள். மதியம் இரண்டு மணிக்குக் கையில் வந்த தாளில் எங்கள் நர்சரிக் குமாஸ்தா செய்த உபயத்தால் "தேன்மொழி ஏ/பி சுடலைமுத்து" என்று இருந்தது. இந்த நாட்டில் பிறந்தவர்களுக்குப் போடுவதை எனக்கும் போட்டுவிட்டார். திருத்தச் சொல்லலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். கைநாட்டு வைக்கிற சுடலைமுத்துவின் பெயர் அரசாங்கத் தாளில் அச்சாகி வருவதில் எனக்கு என்ன நஷ்டம்?

ஆகவே அறிக்கையின் கீழும் அப்படியே கையெழுத்துப் போட்டேன். படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். பக்கத்து வீட்டுப் பையன் திறந்து காட்ட, அம்மா பார்த்தாளாம். "எங்க இருக்கு அவ அப்பா பேரு?" என்று கேட்டு, அவன் விரல் வைத்த இடத்தைப் பெரிதாக்கச் சொன்னாளாம்.

4

மூன்று வாரம் கழித்து அந்தத் தொழிற்சாலையிலிருந்து தௌக்கேக்கு அழைப்பு வந்தது. கட்டடப் பராமரிப்பைப் பார்க்கிற அதிகாரி புவான் நோராய்னி. புவான் என்றால் திருமதி. அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. அதனால் அவர் சொல்வது இன்னும் கனமாக விழும்.

தௌக்கே என்னைக் கூப்பிட்டார். "முன்னைவிட மோசமாம். அடுத்த திங்கட்கிழமை எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு கூழாங்கல் போடப் போகிறார்களாம். நாம் நோய்ச்செடி கொடுத்தோம் என்று அவர்களுக்குச் சந்தேகம்."

"மூன்று தடவையும் மருந்து அடித்தாச்சே."

"நீ கையெழுத்துப் போட்டாய். நீயே போய்ப் பார்." பிறகு சொன்னார்: "பார்த்துவிட்டு உண்மையைச் சொல். இனி உன்னைத் தனியாக அனுப்பலாமா என்று நானும் முடிவு செய்ய வேண்டும்."

இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அடுத்த அழைப்புக்கு என்னை அனுப்புவார்களா, அல்லது மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டு வேறொருவர் கையெழுத்துக்காக நிற்பேனா என்பது அந்தப் பாத்தியில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் மோட்டார் சைக்கிளில் போனேன். இந்தத் தடவை செடியைத் தொடவில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பாத்தி முழுவதையும் பார்த்தேன். முதல் தடவையே செய்திருக்க வேண்டியது அது. அன்று குனிந்த தலை நிமிரவில்லை.

பாத்தி காவலாளி அறையை ஒட்டி ஆரம்பித்து, தொழிற்சாலைப் பெயர்ப்பலகை வரை நீள்கிறது. பாதிப் பாத்திக்குமேல் பேருந்துக்கு நிற்பவர்களுக்கான கூரை வருகிறது. மீதி வெட்டவெளி. கூரைக்கு அடியில் இருந்த ஐரிஸ்கள் பாதி இலை வரை காய்ந்து, சில விசிறிகள் சாய்ந்தே கிடந்தன. வெட்டவெளியில், தினமும் மழை அறைகிற இடத்தில், இலைகள் பளபளவென்று நின்றன. இரண்டு மஞ்சள் பூ வேறு.

பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். நனைகிற இலையில்தான் புள்ளி பெருகும். இங்கே நனைந்தவை நலமாக இருக்கின்றன, நனையாதவை சாகின்றன. என் அறிக்கை தலைகீழாக நின்றது. நான் நுண்ணோக்கியில் கண்ட பூஞ்சை கொலைகாரன் இல்லை. இலை செத்தபின் அந்த இடத்தில் பிழைக்க வந்தது.

அப்படியானால் மழை எதையோ கழுவுகிறது. கழுவப்படாத இடத்தில் அது தங்கியிருக்கிறது.

பாத்தி ஓரச் சிமெண்டுக் கட்டையில் வெள்ளையாக ஒரு வரி ஓடியது. சுண்ணாம்பு என்று முதல் தடவை தாண்டிப் போயிருந்தேன். நாக்கில் வைத்துப் பார்க்க எழுந்த ஆசையை அடக்கிக்கொண்டேன். மருந்தடித்த இடத்தில் நாக்கை வைக்கக் கூடாது என்று படித்தவள் நான், மருந்தடித்தவளும் நானே. சுரண்டி உள்ளங்கையில் வைத்து வெயிலில் காட்டினேன். சின்னச் சின்னதாகச் சதுரங்கள் மினுங்கின. நகத்தால் அழுத்தினேன். நறுக்கென்று உடைந்தது. சுண்ணாம்பு மாவாகும், இப்படி உடையாது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

கூரைக்கடியில் ஒரு பிடி, வெளியில் ஒரு பிடி மண் எடுத்துத் தனித்தனிக் குவளையில் சுத்தத் தண்ணீரில் கலக்கி, உப்பு அளக்கும் கருவியை விட்டேன். கூரைக்கடியில் எடுத்த மண்ணில் உப்பு பல மடங்கு. கடல் இல்லாத செனாயில், அதுவும் ஒரு கேட் ஓரத்தில்.

5

அந்தத் துப்புரவு அக்கா துடைப்பத்தோடு தூரத்திலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் சரோஜா. குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பதினோரு வருடமாக அந்தத் தொழிற்சாலையில் கூட்டுகிறார்.

"என்ன தங்கச்சி, இன்னிக்கு யாரு மேல எழுத வந்தீங்க?"

"அக்கா, தண்ணி விடுறத நிறுத்தச் சொன்னது நான்தான்."

"தெரியும்லா. புவான் பேப்பர காட்டுனாங்க. இங்கிலீசு எனக்குப் படிக்க வராது. ஆனா படம் இருந்துச்சு. ஹோஸு, என் கை, என் வளையல்." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "பதினோரு வருஷத்துல ஒரு கம்ப்ளேன் கிடையாது. உங்க பேப்பர்தான் மொத."

அவர் ஹோஸ் பிடித்தவரை அந்தத் தண்ணீர் கொஞ்சமாவது உப்பைக் கீழே தள்ளியிருக்கிறது. நான் நிறுத்தச் சொன்னபின் அதுவும் போயிற்று. மூன்று வாரத்தில் மோசமானதற்கு என் கையெழுத்து காரணம். இதை உடனே அவரிடம் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது. அதன்பின்தான் கேட்டேன்.

"இந்தப் பாத்தில யாராச்சும் உப்பு கொட்டுறாங்களா அக்கா?"

அக்கா கேட்டைப் பார்த்தார், காவலாளி அறையைப் பார்த்தார், பிறகு என்னை.

"யாராச்சும் என்ன. நான்தான் கொட்டுறேன். செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை."

போன வருடம் ஒரு பெண்ணுக்கு மெஷினில் விரல் நசுங்கியதாம். அதற்குப் பிறகு லைனில் வேலை செய்யும் பெண்கள் பயந்துபோய், அக்கா எங்களுக்குச் சுத்திப் போடுங்க என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் ஐந்து பேர். இப்போது இருபதுக்குமேல். ஒவ்வொருத்திக்கும் ஒரு கை கல்லுப்பு. தலையைச் சுற்றி வாளித் தண்ணீரில் போட்டு, கரைந்ததும் கொட்டிவிடுவது.

"ஏன்க்கா இங்க?"

"பின்ன எங்க கொட்ட? கால் படாத இடத்துலதானே கொட்டணும். நீங்களே பாருங்க, எல்லாம் சிமெண்டு. லாரி போகுது, பஸ் போகுது, ஆளு போகுது. இது ஒண்ணுலதான் யாரும் கால் வைக்க மாட்டாங்க. உங்க ஆளுங்கதானே போர்டு நட்டுட்டுப் போனாங்க, மிதிக்காதேன்னு."

போர்டு இருந்தது. மூன்று மொழியில். எங்கள் நர்சரியின் இலச்சினையோடு.

"உங்களுக்கும் சுத்திப் போட்டேனே. மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தேன். பத்து மாதம் முன்பு, இந்தச் செடிகளை நட வந்த நாள். ஆட்களை அனுப்பிவிட்டு நான் மட்டும் சாயங்காலம் வரை நின்றேன். கேட்டில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அக்கா என்னையும் இழுத்து நிறுத்தினார். 'ஊர்லருந்து தனியா வந்த பிள்ளை, அதுவும் படிச்ச பிள்ளை, கண்ணு படும் தங்கச்சி.' கூச்சமாக இருந்தாலும் நின்றேன். மூன்று முறை சுற்றினார். 'போங்க, திரும்பிப் பார்க்கக் கூடாது' என்றார். சொன்னபடியே நேராக மோட்டார் சைக்கிளுக்கு நடந்தேன். அந்த வாளி எங்கே போயிற்று என்று பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுதானே முறை. ஊரில் விமானத்துக்குக் கிளம்பிய அன்று அம்மாவும் இதைச் செய்து, இதையே சொல்லித்தான் அனுப்பினாள்.

விடை என் முதுகுக்குப் பின்னால் கொட்டப்பட்டிருக்கிறது. அதில் ஒரு கை எனக்காக.

"என் மக நிக்க மாட்டா தங்கச்சி," என்றார் அக்கா, நான் கேட்காமலே. "விடியுறதுக்கு முன்னமே எந்திரிச்சு பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடுறா. உப்ப கையில எடுத்தாலே, மம்மி ப்ளீஸ்லாங்குறா. தமிழ்ல திட்டுனாக்கூட பரவால்ல, எல்லாம் இங்கிலீசு. இந்தப் பிள்ளைங்கதான் நிக்குதுங்க. நானும் சுத்துறேன்." பிறகு குரல் தாழ்ந்தது. "என் வேலைக்கு ஏதும் ஆகுமா?"

"தெரியலக்கா," என்றேன். பொய் சொல்லித் தேற்ற மனம் வரவில்லை. "ஆனா மொத தப்பு என்னுது. அதுல இருந்துதான் எழுதுவேன்."

6

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"உப்பு எரிச்ச இலைய உனக்குத் தெரியலையாட்டி?"

"பூஞ்சைன்னு நெனச்சேன்மா."

"கருவேப்பிலக் கன்னு ஞாவகம் இருக்கா?"

இருந்தது. நான் மூன்றாம் வகுப்பு. உப்பளத்திலிருந்து வந்து அம்மாவும் அப்பாவும் கால் கழுவுகிற தண்ணீர் வீணாகிறதே என்று, பள்ளிக்கூடத்தில் மரம் வளர்ப்போம் என்று சொன்னதைக் கேட்டு, அந்தத் தண்ணீரைக் குவளையில் பிடித்து ஒரு வாரம் கன்றுக்கு ஊற்றினேன். நுனியிலிருந்து கருகியது. முதுகில் ஒரு அடி வாங்கினேன். நான் முதன்முதலாகச் செய்த பயிர்ச் சோதனை அது.

"படிச்சதுல இத மறந்துட்டியோ?" என்றாள். குத்தல்தான். ஆனால் அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. என் வேலையில் தனக்கும் தெரிந்த ஒன்று இருப்பதை அவள் அன்றுதான் கண்டுகொண்டாள். இதுவரை என் படிப்பு அவளுக்குப் பெருமையாக இருந்தது, புரிந்ததில்லை. அன்று பத்து நிமிடம் எனக்கு வைத்தியம் சொன்னாள். நல்ல தண்ணி நிறைய விடு, ஒரே நாளில் விடாதே, விட்டு விட்டு விடு, மேல்மண்ணைச் சுரண்டி எடு. என் புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது.

7

மறுநாள் எழுதிய இரண்டாவது அறிக்கையின் முதல் மூன்று வரிகள் இவை: "என் முந்தைய அறிக்கை தவறானது. அதைத் திரும்பப் பெறுகிறேன். மேலிருந்து தண்ணீர் ஊற்றிய பணியாளர் செய்தது சரியே, அதை நிறுத்தச் சொன்னது செடிகளுக்குக் கேடு செய்தது." அதன்பின்தான் உப்பு நீர், கூரை, மண் சோதனை, தீர்வு எல்லாம்.

தௌக்கே படித்தார். மறுபடி படித்தார்.

"இதைக் கடைசியில் போடலாமே. ஓரமாக."

"என் பெயர் கீழே இருக்கிறது. என் தவறு மேலே இருக்கட்டும்."

"உங்கள் டாக்டர் சரியில்லை என்பார்கள்."

"சொல்லட்டும். செடி நிமிர்ந்தால் மறுபடி கூப்பிடுவார்கள்."

அவர் பேனாவை எடுத்தார். முன்போல அவரே கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். பேனாவை என்னிடம் நீட்டினார்.

புவான் நோராய்னியிடம் நானே கொண்டுபோனேன். பொறுமையாகப் படித்துவிட்டு, "உப்பு நீரைக் கொட்டியது யார்?" என்றார். அறிக்கையில் ஆள் பெயர் இல்லை. கதவுக்கு வெளியே சரோஜா அக்கா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாங்கள்," என்றேன். "எங்கள் பெண்கள் கண் திருஷ்டிக்குச் செய்வது. அதில் ஒரு கை உப்பு எனக்காகக் கொட்டியது. நானும் நின்றேன்."

மலாயில் இதைச் சொல்ல எனக்கு நெடுநேரம் ஆயிற்று. வழியில் எத்தனை பிழை விட்டேனோ தெரியாது. புவான் குறுக்கிடவில்லை. முடித்ததும் சொன்னார்: "எங்கள் வீட்டிலும் அம்மா கல்லுப்பு போடுவார். வாசலில். செடியில் போட மாட்டார்." மேசை நாட்காட்டியில் திங்கட்கிழமைக் குறிப்பை அடித்தார். "ஒரு மாதம் தருகிறேன். அதற்குள் நிமிராவிட்டால் கூழாங்கல்தான்."

வெளியே வந்தேன். "ஹோஸ எடுங்கக்கா" என்றேன். துடைப்பானை வாளியில் போட்டுவிட்டு, என்னை முந்திக்கொண்டு கேட்டுக்கு நடந்தார்.

8

கூரைக்கடியில் மேல்மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டி எடுத்துப்போனோம். காய்ந்த இலைகளை வெட்டினோம். தண்ணீர் வெளியேற அடியில் ஒரு குழாய் இறக்கினோம். அக்கா ஒருநாள் விட்டு ஒருநாள், ஊறி வழிகிற வரை தண்ணீர் விட்டார். வாரம் ஒருமுறை நான் போய் மண்ணைக் கலக்கி அளந்தேன். எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வாரமும் அக்காவிடம் எண்ணைச் சொன்னேன். நான்காம் வாரம் நான் கருவியை எடுப்பதற்கு முன்பே, கட்டையைக் குனிந்து பார்த்து, "போன வாரத்தவிட பாதிதான் இருக்கும், பாருங்க" என்றார். அளந்தேன். பாதியைவிடக் கொஞ்சம் கூட இருந்தது. அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அந்தம்மாவுக்குக் கண்ணு இருக்கு" என்றார்.

பதினான்கு செடிகள் பிழைக்கவில்லை. அவை நான் தாமதித்த மூன்று வாரத்தின் கணக்கு, அறிக்கையில் அப்படியே எழுதினேன். மற்றவை நடுவிலிருந்து புது இலை விட்டன. புது இலையின் நுனி பச்சை. காலியான இடங்களில் வெட்டவெளிப் பக்கத்துச் செடிகளின் குட்டிகளை எடுத்து நட்டோம். புவான் நோராய்னி வந்து பார்த்தார். மறுவாரம் அவர்களுடைய இன்னொரு கட்டடத்தில் பனைகளுக்கு இலை மஞ்சளாகிறது என்று தௌக்கேக்கு அழைப்பு வந்தது. "டாக்டர் டாவுனை அனுப்பு" என்று கேட்டார்களாம். தௌக்கே அதை என்னிடம் சொல்லும்போது கணினியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தனியாகப் போ," என்றார்.

திருஷ்டி சுற்றுவது நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லும் உத்தேசமும் எனக்கு இல்லை. கொட்டுகிற இடத்தைத்தான் பேசித் தீர்த்தோம். கேட்டுக்கு வெளியே பெரிய லோங்காங் ஓடுகிறது. மழைத்தண்ணீர் போகிற வாய்க்கால். அக்கா முதலில் யோசித்தார். பிறகு அவரே தீர்ப்புச் சொன்னார். "ஓடுற தண்ணி. அதுல போட்டா திருஷ்டி நிக்காம ஓடிரும்லா. இது முன்னயே தோணல பாருங்க."

போன செவ்வாய்க்கிழமை கடைசி அளவு எடுக்கப் போனேன். ஷிப்டு முடிந்து பெண்கள் வரிசையில் நின்றார்கள். அக்கா என்னையும் கூப்பிட்டார். "வாங்க தங்கச்சி. பேர் வாங்கிட்டீங்க. இப்பதான் கண்ணு அதிகம் படும்." உண்மைதான் என்று எனக்கும் தோன்றியது. போய் நின்றேன். மூன்று முறை சுற்றினார். உப்பு வாளியில் விழுகிற சத்தம் கேட்டது.

"போங்க. திரும்பிப் பார்க்கக் கூடாது."

பத்தடி நடந்தேன். நின்று, நன்றாகத் திரும்பிப் பார்த்தேன். அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு பாத்தியைத் தாண்டி லோங்காங் பக்கம் போய்க்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டு அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"பார்க்காதேன்னு சொன்னேன்ல?"

"என் வேலையே அதுதான்க்கா," என்றேன். "பார்க்கத்தான் படிச்சிருக்கேன்."